உப்பு வண்டி வாரின்

உப்பு வண்டிக்காரர் செத்துக் கிடந்த இடத்தில் உப்பு இல்லை. ஹாமன் முதலில் கவனித்தது அதைத்தான்.

அப்பாவின் முகத்தை அவன் கடைசியாகத்தான் பார்த்தான். பார்க்கத் தைரியம் வரவில்லை. அதனால் மற்றதையெல்லாம் பார்த்தான். ஓடைக்கு இந்தப் பக்கம், ஆஷ்விக் ஊர்க் கரையில், வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. இடது சக்கரம் கழன்று பக்கத்தில் கிடந்தது. குதிரை சற்றுத் தள்ளி மேய்ந்துகொண்டிருந்தது. உடலின் மேல் விளாரால் பின்னிய தட்டி ஒன்றைப் போட்டு, நாய் அண்டாமல் ஆள் காவல் வைத்திருந்தார்கள். ராஜாவின் பிண விசாரணைக்காரர் வந்து பார்க்கும்வரை பிணத்தை அசைக்கக் கூடாது.

ஹாமன் தச்சன். நகரத்துப் பேராலயத்தில் கல் வளைவுகளைக் கட்டும்போது, சாந்து இறுகும்வரை அவற்றைத் தாங்கி நிற்கும் மரச் சாரங்களைச் செய்பவன். பாரம் எங்கே இறங்குகிறது என்று பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. சக்கரம் கழன்றால் அச்சின் முனை மண்ணில் குத்தும். உப்பு ஏற்றிய வண்டி என்றால் ஆழமாகக் குத்தும். இங்கே மண்ணில் ஒரு கீறல்கூட இல்லை. தட்டியின் ஓரத்தைத் தூக்கிக் கால்களைப் பார்த்தான். செருப்பின் அடியில் சேறு இல்லை. குதிகாலின் பின்புறம் மட்டும் ஓடைக் களிமண் அப்பியிருந்தது.

அதன் பிறகுதான் முகத்தைப் பார்த்தான். நெற்றியின் மேல் அடி. கண்ணை யாரோ மூடிவிட்டிருந்தார்கள். எழுந்து ஓடை வரை நடந்தான். திரும்பி வந்தான். மறுபடியும் நடந்தான்.

"கொஞ்சம் உக்காரு தம்பி," என்றார் காவலாள்.

"முடியல."

மத்தியானம் பிண விசாரணைக்காரர் வந்தார். குதிரையைவிட்டு இறங்காமலே பிணத்தைப் பார்த்தார். அவர் பிரெஞ்சில் முணுமுணுக்க, எழுத்தர் அதை ஊர் மொழியில் கேட்டார். சுற்றுவட்டாரத்து நான்கு ஊர்களின் ஆண்கள் கூடியிருந்தார்கள். முன்னால் ஆஷ்விக்கின் மணியக்காரர் எட்ரிக் நின்றார்.

"செத்தது யாரு?"

"வாரின்ங்க. உப்பு வண்டி வாரின்."

"பிரெஞ்சுப் பேரா இருக்கே."

"பேருதாங்க. ஆளு நம்ம ஆளு."

"நாங்க கேள்விப்பட்டது அப்படி இல்லையே. ரூவான் ஊர்ல இருந்து வந்த சமையக்காரன் மகன்னு அவனே சொல்லிக்குவானாமே."

கூட்டத்தில் சிலர் தரையைப் பார்த்தார்கள். "சமையக்காரன் இல்லீங்க, வில்லாளி," என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்லிவிட்டான். பக்கத்திலிருந்தவன் அவனை முழங்கையால் இடித்தான்.

"அதெல்லாம் வாய்க்கு வந்த பேச்சுங்க," என்றார் எட்ரிக். "அவனுக்குத் தெரிஞ்ச பிரெஞ்சு எங்க வீட்டு வாத்துக்கும் தெரியும்."

"அப்ப வாத்தைக் கூட்டிட்டு வந்து சத்தியம் பண்ணச் சொல்லு," என்றார் எழுத்தர். "அப்பன் வழியில ஒருத்தர், ஆத்தா வழியில ஒருத்தர். ரெண்டு பேரும் நின்னு, செத்தவன் இங்கிலீஷ்காரன்னு சொன்னா போதும். இல்லேன்னா பிரெஞ்சுக்காரன்னு எழுதிட்டுப் போயிட்டே இருப்போம்."

எல்லார் கண்ணும் ஹாமன் பக்கம் திரும்பியது.

"மகன் இருக்கான். இந்தா நிக்கிறான்," என்றார் எட்ரிக்.

"நீ சொல்லு. உங்க அப்பா இங்கிலீஷ்காரரா?"

ஹாமனுக்கு விடை தெரியும். "கொன்னது யாருன்னு முதல்ல கண்டுபிடிங்க," என்றான்.

"நான் அதைக் கேக்கல."

"நான் அதைத்தான் கேக்குறேன்."

எழுத்தர் விசாரணைக்காரரிடம் ஏதோ சொன்னார். அவர் தோளைக் குலுக்கினார். இந்த நான்கு ஊரும் சேர்ந்த வட்டத்தின் அடுத்த கூட்டம் வரை தவணை கொடுத்துவிட்டுப் போனார்கள்.

சட்டம் பழையது. கடல் தாண்டி வந்து நாட்டைப் பிடித்த வில்லியம் ராஜாவின் காலத்தில், அவருடைய ஆட்கள் பள்ளத்திலும் புதரிலும் செத்துக் கிடந்தார்கள். கேட்டால் எந்த ஊருக்கும் எதுவும் தெரியாது. ராஜா ஒரு வழி செய்தார். அடிபட்டுச் செத்துக் கிடப்பவன் பிரெஞ்சுக்காரன், அவன் ஆங்கிலேயன் என்று சொந்தக்காரர்கள் நிரூபிக்கும்வரை. நிரூபிக்கவில்லை என்றால், கொன்றவனைப் பிடித்துக் கொடுக்க வேண்டும்; பிடிக்கவும் முடியவில்லை என்றால் வட்டத்திலுள்ள ஊர்களெல்லாம் சேர்ந்து தண்டம் கட்ட வேண்டும். ராஜாக்கள் மாறினார்கள். இரண்டு சாதியும் பெண் கொடுத்துப் பெண் எடுத்துக் கலந்தாயிற்று. இப்போது ஆளும் ரிச்சர்ட் ராஜா கடலுக்கு அப்பால் சண்டையிலேயே காலம் தள்ளினார். ஆனால் அவருடைய ஆட்கள் பிணத்தை எண்ண மட்டும் தவறாமல் வந்தார்கள்.

ஆங்கிலேயன் என்று ஒரு முறை எழுதிவிட்டால் அதோடு சரி. யார் அடித்தான், ஏன் அடித்தான் என்று எவரும் அலையப் போவதில்லை. ஹாமனுக்கு அது தெரியும். அவன் வாயைத் திறக்காதவரை நான்கு ஊரும் கொலைகாரனைத் தேடும். திறந்த அன்றே தேடல் நின்றுவிடும்.

இதை அவன் அப்பாவிடம்தான் கற்றான்.

வாரின் பிறந்தபோது வாரின் இல்லை. விச் என்ற உப்பு ஊரில், உப்புநீர் சுமந்த ஆர்ட்ரிக்கின் மகன் வுல்மர். மீசை முளைத்த வயதில் டாலி என்ற கூட்டாளியுடன் முதல் வண்டி ஓட்டினார். ஒரு மழைநாளில் டாலியைச் சாலையில் யாரோ அடித்துக் கொன்றார்கள். டாலியின் அப்பாவும் மாமாவும் அழுதுகொண்டே வந்து, எங்கள் பிள்ளை ஆங்கிலேயன்தான் என்று சத்தியம் செய்தார்கள். வந்தவர்கள் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அடித்தவர்கள் பக்கத்து ஊர்ச் சாராயக் கடையில் டாலியின் குதிரையைக் கட்டிவைத்துவிட்டுக் குடித்துக்கொண்டிருந்ததை வுல்மர் தன் கண்ணால் பார்த்தார்.

அடுத்த வசந்தத்தில் அவர் பாதையை மாற்றினார். பெயரையும் மாற்றினார். தெரிந்தவர் யாரும் இல்லாத மேற்குச் சாலையில், ஒவ்வொரு ஊர் எல்லையிலும் வண்டியை நிறுத்திக் கத்துவார்.

"வாரின் வந்திருக்கேன்! ராஜாவோட ஊர்க்காரன் வந்திருக்கேன்! என் தலையில ஒரு கொட்டு விழுந்தாலும் உங்க மாடெல்லாம் ராஜாவோட ஷெரீஃப் தொழுவத்துல நிக்கும், பாத்துக்கோங்க!"

ஊர் சிரிக்கும். பெண்கள் உப்புக்குக் கூடை எடுத்து வருவார்கள்; கேட்டதற்கு மேல் ஒரு கை அள்ளிப் போடுவார். ஆனால் பனி மூடினால் அதே ஊர் ஓர் ஆளை அவர்கூட அனுப்பும். வட்டத்தின் எல்லை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, அப்பாடா என்று திரும்பி வரும். அவர் சரக்கைத் திருடர்கள்கூடத் தொட்டதில்லை. திருடனுக்கும் மாடு உண்டு. மாமனார் வீடு உண்டு.

ஆஷ்விக்கில் ஆல்டித் என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு குடியேறினார். உயிரோடு இருந்தவரை, வீட்டுக்குள் கதவைச் சாத்திய பிறகு அவள் அவரை வுல்மர் என்று கூப்பிடுவாள். மகனுக்கும் அந்தப் பெயர் தெரியும். "வெளியில போனா இந்தப் பேரை நீ கேட்டதே இல்ல," என்று அப்பா சொல்லியிருந்தார். அவனுக்கு வைத்ததும் பிரெஞ்சுப் பெயர்தான். ஏன் என்று ஒரு நாள் கேட்டான்.

"உனக்கு ஒண்ணுன்னா உன்னையும் யாராச்சும் கேக்கணும்ல."

எல்லாவற்றிலும் அவர் அப்படித்தான். இருப்பதை வைத்து ஒப்பேற்றுவார். கூரை ஒழுகினால் ஆட்டுத்தோல் ஒன்றைச் செருகுவார். சேணம் அறுந்தால் கயிறு. "இது போதும்டா" என்பார். ஒப்பேற்றிய எதையும் பிறகு சரிசெய்ததில்லை.

அடக்கத்துக்கு விச்சிலிருந்து சிவார்ட் வந்தார். அப்பாவின் தாய்மாமன் மகன்; உப்பு காய்ச்சுகிறவர்; உலைப் புகையில் கண் எப்போதும் சிவந்தே இருக்கும். அவர் அழுகிறாரா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. கல்லறைக் குழி மூடியபின் வீட்டுக்கு வந்து, ஒரு குவளைப் பார்லிக் கள்ளை ஒரே மூச்சில் குடித்தார்.

"ஆத்தா வழிக்கு நான் இருக்கேன் மருமவனே. நான் ரெடி. உன் வாய்தான் பூட்டியிருக்கு."

"யாருன்னு தெரியட்டும் மாமா."

"தெரிஞ்சு?"

"தெரியணும்."

"டேய், உங்க அப்பன் வேஷம் கட்டினதே உயிரோட இருக்கத்தான். செத்தப்புறம் எதுக்குடா வேஷம்? கழட்டி விடு, பாவம். புழுங்கும்."

ஹாமன் எழுந்து வாசலுக்குப் போனான். "வேஷத்தைக் கழட்டிட்டா டாலி மாதிரிதான் மாமா. ஒரு வரி எழுதிட்டுப் போயிடுவாங்க."

சிவார்ட் குவளையின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் ஊர் தேடியது. புதரைத் தட்டியது, வழிப்போக்கர்களை நிறுத்தியது, ஒரு பானை வியாபாரியைப் பிடித்துவைத்துப் பிறகு விட்டது. அதன் பிறகு ஊருக்குச் சலித்துவிட்டது. கொலைகாரனைத் தேடுவதைவிட ஹாமனைத் திட்டுவது சுலபமாக இருந்தது. ரொட்டி அடுப்புக்காரி அவன் மாவை மட்டும் கடைசியில் வைத்தாள், கரிந்து வந்தது. கள்ளுக்கடையில் அவன் நுழைந்தால் பேச்சு நின்றது.

"வாங்க துரை," என்றான் ஓர் உழவன். "எங்க ரெண்டு எருதுல எது உங்களுக்குப் பிடிச்சிருக்குன்னு சொன்னா, கொம்பைத் துடைச்சு வைப்பேன்."

"சும்மா இருடா," என்றார் எட்ரிக். ஹாமனின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஹாமா, ஒண்ணு சொல்லட்டுமா? உங்க அப்பனுக்குப் பனியில பந்தம் பிடிச்சுட்டுப் போனது நான். எத்தனை தடவைன்னு எனக்கே தெரியாது. ஆளு இங்கிலீஷ்காரன்னு எனக்கு எப்பவோ தெரியும். சேத்துல வண்டி மாட்டிக்கிட்டப்ப திட்டுனான் பாரு, அந்த மாதிரித் திட்ட எந்தப் பிரெஞ்சுக்காரனுக்கும் வராது."

ஹாமனுக்குச் சிரிப்பு வந்தது.

"தெரிஞ்சும் பந்தம் பிடிச்சீங்களா?"

"எனக்குத் தெரிஞ்சா போதுமா? வந்து கேக்கிறவனுக்குத் தெரியணுமே. இப்ப நீ சொல்லலேன்னா உழவு நிக்கும். அடுத்த வருஷம் சோத்துக்கு எங்க போறது?"

"இழுத்துட்டு வந்து போட்டிருக்காங்க அண்ணே. குதிகால்ல சேறு. இங்க செத்தவர் இல்ல அவரு."

எட்ரிக் குவளையைக் கீழே வைத்தார். "அப்ப எங்க?"

அந்தக் கேள்விதான் ஹாமனை விடியற்காலையில் மறுபடி ஓடைக்கு அனுப்பியது. ஓடைதான் இரண்டு வட்டங்களுக்கும் எல்லை. இந்தக் கரை ஆஷ்விக். அந்தக் கரை மார்ல்டன். அது வேறு வட்டம், வேறு கூட்டம். இந்தப் பக்கப் பிணத்துக்கு அந்தப் பக்கத்தில் யாரும் பொறுப்பில்லை. ஆஷ்விக்காரர்கள் தங்கள் பக்கத்தை மட்டும்தான் தேடியிருந்தார்கள்.

தண்ணீர் முழங்காலுக்குத்தான் இருந்தது. கடந்து ஏறினான். மேய்ச்சல் நிலத்தில் மார்ல்டன் ஆடுகள் நின்றன. அவை மேயவில்லை. பாதையோரத்தில் ஒரே இடத்தில் நெருக்கியடித்து, ஒன்றை ஒன்று முட்டித் தள்ளித் தரையை நக்கிக்கொண்டிருந்தன.

ஹாமன் அவற்றை விலக்கிக்கொண்டு உள்ளே போனான். புல் மஞ்சளாகக் கருகியிருந்தது. குனிந்து ஒரு விரலைத் தொட்டு நாக்கில் வைத்தான்.

உப்பு.

கருகிய புல்லின் நடுவே பச்சைப் புல்லோடு ஒரு மண்கட்டி மட்டும் சரியாகப் பொருந்தாமல் உட்கார்ந்திருந்தது. வெட்டியெடுத்து வந்து வைத்திருக்கிறார்கள். அதைப் பெயர்த்தான். கீழே அச்சு குத்திய பள்ளம். விளிம்பில் பாதி புதைந்து ஒரு கல். அதன் மேல் காய்ந்த கறை. பக்கத்தில், பல்லுக்குச்சி போல முறிந்த ஒரு துண்டு மரம். எடுத்துப் பார்த்தான். வேலிக் கிளையில் சீவியது. சக்கரம் கழலாமல் அச்சின் முனையில் பிடிக்கும் கடையாணி இருக்க வேண்டிய இடத்தில் செருகிய முளை. இரும்புக் கடையாணி எங்கேயோ விழுந்திருக்கும். அப்பா ஒரு குச்சியைச் சீவிச் செருகியிருக்கிறார். இது போதும்டா.

"அதை வச்சுடு."

ஒரு பெண் நின்றிருந்தாள். கையில் ஆட்டுக்கோல். முகம் வெளுத்திருந்தது.

"யாரு நீ?"

"வாரின் மகன்."

அவள் கோலைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். அவள் பெயர் சுனிவா. மார்ல்டனின் ஆடுகளைக் கறந்து பாலாடைக்கட்டி செய்பவள்.

"விரட்டி விரட்டிக் கை ஓஞ்சுபோச்சு," என்றாள். "எங்க கொண்டுபோய் விட்டாலும் இங்கதான் வந்து நிக்குதுங்க. ஊருக்கே காட்டிக்கொடுக்குற மாதிரி."

"யாரு அடிச்சது?"

"யாரும் அடிக்கல தம்பி. சக்கரம் கழண்டுச்சு. வண்டி சாஞ்சு உப்பையும் ஆளையும் தூக்கிப் போட்டுச்சு. தலை அந்தக் கல்லுல. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். என்னைப் பாத்து எப்பவும் போலக் கத்திக்கிட்டேதான் வந்தாரு, ராஜாவோட ஊர்க்காரன்னு."

ஹாமன் நின்றான், நடந்தான், திரும்பி வந்தான். கேட்கக் கூடாது என்று நினைத்த கேள்வி வாயில் வந்துவிட்டது.

"உயிர் இருந்துச்சா?"

அவள் ஆடுகளைப் பார்த்தாள்.

"இருந்துச்சு."

"பேசினாரா?"

"பேசினாரு. ஆம்பளைங்க நாலு பேர் ஓடி வந்தாங்க. இங்க செத்தா நம்ம வட்டம் அழிஞ்சுபோகும், ஆளையும் வண்டியையும் அந்தக் கரைக்குத் தூக்குங்கடான்னு பேசிக்கிட்டாங்க. அது அவர் காதுல விழுந்துச்சு. என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. நான் வாரின் இல்லம்மா, வுல்மர், விச் ஊர் ஆர்ட்ரிக் மகன், இங்கிலீஷ்காரன்தான், பயப்படாதீங்க, என்னை வீட்டுக்குள்ள கொண்டுபோங்கன்னாரு. திருப்பித் திருப்பிச் சொன்னாரு."

"நீங்க நம்பல."

"அத்தனை வருஷமா எங்க ஊர் எல்லையில நின்னு பிரெஞ்சுக்காரன் பிரெஞ்சுக்காரன்னு கத்துன மனுஷன், தம்பி! சாகப்போறவன் வீட்டுக்குள்ள போகணும்னா எதை வேணா சொல்லுவான்னாங்க எங்க ஆளுங்க. எனக்கு..." அவள் நிறுத்தினாள். "எனக்கு நம்பணும் போலத்தான் இருந்துச்சு. வாயைத் திறக்கல."

"குதிகாலு தண்ணியில இழுபட்டிருக்கு."

"காலைத் தூக்கச் சொன்னேன். அவசரத்துல யாரும் தூக்கல."

கண்ணை மூடிவிட்டதும் அவளாகத்தான் இருக்கும் என்று ஹாமன் நினைத்தான். கேட்டான்.

"இல்ல. அங்க விட்டப்ப மூச்சு இருந்துச்சு," என்றாள். "ஆஷ்விக்காரங்க சீக்கிரமே பாத்துடுவாங்கன்னு சொல்லிக்கிட்டோம். பனி இறங்கிடுச்சு. என் முக்காட்டை மடிச்சுத் தலைக்கு வச்சுட்டு வந்தேன். பாதித் தண்ணியில வரும்போது ஞாபகம் வந்துச்சு, அது யாரோடதுன்னு கண்டுபிடிச்சுடுவாங்கன்னு. திரும்பிப் போய் எடுத்துக்கிட்டேன்."

ஓர் ஆடு ஹாமனின் முழங்காலை முட்டிவிட்டு மண்ணை நக்கியது.

"தலையைத் தூக்கிட்டு எடுத்தேன்," என்றாள் சுனிவா. "அப்பவும் என்னைப் பாத்தாரு."

அவன் கை முறிந்த முளையை இறுக்கியது. முனை உள்ளங்கையில் குத்தியது. விடவில்லை.

"சொல்லிடுவியா?"

அவன் ஓடையில் இறங்கி நடந்தான்.

அன்று முழுவதும் நடந்தான். கல்லறைக்குப் போனான், அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தான், உட்கார முடியவில்லை. வண்டியின் அச்சை எடுத்து இழைக்கத் தொடங்கி, பாதியில் வைத்தான். அவன் தேடியது ஒரு கொலைகாரனை. கிடைத்தது நான்கு பேர், ஒரு பெண், ஒரு குச்சி. இவர்களில் யாரை ஷெரீஃப் முன்னால் நிறுத்துவது? அப்பா அந்தப் பொய்ப் பெயரால் தலைக்குமேல் ஒரு கூரை கட்டியிருந்தார். அத்தனை காலம் தாங்கியது. சரிந்தபோது பாரம் முழுவதும் அவர் மேலேயே இறங்கியது.

"சாப்பிடு," என்றார் சிவார்ட். கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளினார்.

ஹாமன் நடந்ததைச் சொன்னான். சிவார்ட் கேட்டு முடித்ததும் நெடுநேரம் கண்ணைத் துடைத்தார். இந்த முறை அது புகை இல்லை.

"மார்ல்டன்காரனுங்களை நான் உப்புலயே வேக வைப்பேன்," என்றார். பிறகு, "நாமளா இருந்தா என்ன பண்ணியிருப்போம், மருமவனே?" என்றார்.

"தெரியல மாமா. அதை நினைக்க இப்ப எனக்குத் தெம்பு இல்ல."

ஆனால் ஒன்று அவனுக்குத் தெளிவாக இருந்தது. கடைசி நேரத்தில் அப்பா, சாத்திய கதவுக்குள் மட்டும் இருந்த தன் பெயரை வெளியில் சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் யாரும் நம்பவில்லை. இப்போது அவன் வாயை மூடிக்கொண்டால், நம்பாதவர்களில் அவனும் ஒருவன்.

வட்டக் கூட்டம் பெரிய ஓக் மரத்தடியில் கூடியது. தூறல். நான்கு ஊர்க்காரர்களும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். எழுத்தர் எழுதும் தோலைத் தொடையில் விரித்து, மழை படாமல் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஹாமன் முளையை இடுப்புப் பையில் வைத்திருந்தான். எப்படிச் செத்தார் என்று கேட்டால் அதை எடுத்து நீட்டுவது என்று முடிவு செய்திருந்தான். பொய் சொல்லப் போவதில்லை. உயிரோடு இருந்தவரை ஓடை தாண்டிப் போட்டதற்கு மார்ல்டனின் மாடுகள் தண்டமாகப் போனால் போகட்டும்.

"உப்பு வண்டி வாரின்," என்று எழுத்தர் கூப்பிட்டார். "சொந்தக்காரங்க யாராச்சும் உண்டா?"

சிவார்ட் முன்னால் போய்ச் சத்தியத்துக்கு வைத்திருந்த சிலுவையைத் தொட்டார். "நான் சிவார்ட். செத்தவனோட ஆத்தா எங்க அத்தை. அவன் இங்கிலீஷ்காரன். அழுகுன முட்டையைப் பாத்தா மூக்கைப் பொத்துவான், பிரெஞ்சுக்காரன் மாதிரி. அது ஒண்ணுதான்."

சிலர் சிரித்தார்கள். "சத்தியத்தை மட்டும் சொல்லு," என்றார் எழுத்தர்.

ஹாமன் போனான். வெளியில் போனால் இந்தப் பெயரை நீ கேட்டதே இல்லை. சிலுவை ஈரமாக இருந்தது.

"எங்க அப்பா பேரு வுல்மர்," என்றான். குரல் எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக வந்தது. "விச் ஊர் ஆர்ட்ரிக்கோட மகன். இங்கிலீஷ்காரர்."

எட்ரிக் மூச்சு விட்டது கேட்டது. பின்னால் யாரோ ஒருவர் தலையிலிருந்த சாக்கை எடுத்தார்.

"அப்ப வாரின்?"

"வழிக்கு வச்சுக்கிட்ட பேரு."

"எதுக்கு?"

"செத்தா யாராச்சும் கேக்கணும்னு."

எழுத்தர் தலையை உயர்த்திப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தது போல இருந்தது. விசாரணைக்காரர் பின்னாலிருந்து ஒரு வார்த்தை சொன்னார். எழுத்தர் குனிந்து எழுதினார். அதிக நேரம் ஆகவில்லை.

ஹாமன் நின்றுகொண்டே இருந்தான். கை பைக்குள் இருந்தது.

"முடிஞ்சது, போகலாம்," என்றார் எழுத்தர். "அடுத்து யாரு? ஆப்பிள் தோட்டத்துத் தகராறா?"

எப்படிச் செத்தார் என்று யாரும் கேட்கவில்லை.

கள்ளுக்கடையில் அன்று அவனுக்குக் குடிக்கக் கொடுக்க ஆளாளுக்கு முந்தினார்கள். கேலி செய்த உழவன் தன் எருதின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஆடினான். "உங்க அப்பன் பேரைச் சொல்லிக் கன்னுக்குட்டிக்கு வைக்கப் போறேன். வுல்மர்! என்ன சொல்ற?" ஹாமன் ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தான். மறுநாள் குதிரையைப் பூட்டினான். வண்டிக்கு இரும்புக் கடையாணி போட்டாயிற்று. நகரத்தில் ஒரு வளைவு அவன் சாரத்துக்காகக் காத்திருந்தது.

நகரத்துக்கு வழி மார்ல்டன் வழியாகத்தான். ஓடையைத் தாண்டியதும் பாதையில் நான்கு ஆண்கள் நின்றார்கள். கையில் எதுவும் இல்லை. எங்கே வைப்பது என்று தெரியாத கைகள்.

"யாரு போறது?" என்று ஒருவர் வழக்கத்துக்குக் கேட்டார். கேட்ட பிறகுதான் வண்டி அவருக்கு அடையாளம் தெரிந்தது. முகம் செத்துவிட்டது.

"வுல்மர் மகன்," என்றான் ஹாமன்.

அவர்கள் விலகினார்கள். அவன் வண்டியை நிறுத்தவில்லை. அவர்களைப் பார்க்கவும் இல்லை. பார்த்தால் இறங்கிவிடுவான், இறங்கினால் என்ன செய்வான் என்று அவனுக்கே தெரியாது. சக்கரத்தின் பக்கத்தில் யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டது. சுனிவா. ஆட்டுக்கோல் இல்லாமல், தலையில் முக்காடு இல்லாமல் நடந்தாள். பனி கிடையாது. வெயில் காய்ந்தது. ஆங்கிலேயனுக்கு யாரும் துணைக்குப் போக வேண்டியதும் இல்லை. அவன் போகச் சொல்லவில்லை.

வட்டத்தின் எல்லைக் கல் வந்ததும் அவள் நின்றாள். ஹாமன் கடிவாளத்தைப் பிடித்தான்.

"சொன்னியா?" என்றாள்.

"யாரும் கேக்கல."

பைக்குள் கையை விட்டு முளையை எடுத்து அவளிடம் நீட்டினான். அவள் வாங்கினாள். அது என்ன என்று தெரிந்ததும் விரல்களை மூடிக்கொண்டாள்.

"இதை நான் என்ன பண்றது?"

"தெரியல," என்றான். "என்கிட்ட இருந்தா யார்கிட்டயாச்சும் சொல்லிடுவேன்."